மான் வாங்குமுன் வேலியும் பட்டியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூசிலாந்தில் ஊர்ப்புறமாகப் பத்து, இருபது ஏக்கர் நிலம் வாங்கிக் குடியேறும் தமிழ்க் குடும்பங்களில் சிலர் மான் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். ஆடு மாடு பழகியவர்கள்தான். ஆனாலும் கொம்பின் அழகிலும், வெல்வெட் கொம்பு எனப்படும் இன்னும் இறுகாத இளங்கொம்பு விற்கும் விலையிலும் மனம் மயங்கி, முதலில் ஆண் மானை வாங்கிவிட்டு அதற்குப் பிறகு வேலியைப் பற்றி யோசிக்கிறார்கள். செலவு செய்யும் வரிசை தலைகீழாகிவிட்டால் மான் பண்ணை முதல் குளிர்காலத்தைத் தாண்டாது. அந்த வரிசையைச் சொல்லவே இக்கடிதம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு முன்னதாக ஒரு சொல். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானோ கடமானோ வெளிமானோ, எதையும் பண்ணை வைத்து வளர்க்கவோ இறைச்சிக்கு விற்கவோ முடியாது. அங்கே மான் பண்ணையில் முதலீடு செய்யச் சொல்லி யார் வந்தாலும் பணம் கொடுக்காதீர்கள். இனி வருவதெல்லாம் நியூசிலாந்துக்கு உரியவை. இங்கே பருவங்கள் நேர்மாறு என்பதால், பிரிட்டனில் உள்ளவர்கள் மாதக் கணக்கை ஆறு மாதம் தள்ளிப் படிக்க வேண்டும்.

இங்கே பண்ணைகளில் வளரும் செம்மான் (red deer) இந்த நாட்டுக்கு 1851-இல் இங்கிலாந்திலிருந்து வந்தது. காட்டில் பெருகி மரங்களை அழித்ததால் 1930-களில் அரசே ஆள் வைத்துச் சுட்டது. பண்ணையில் வளர்க்கச் சட்டம் இடம் கொடுத்தது 1969-இல்தான். முதல் உரிமம் மறு ஆண்டு வழங்கப்பட்டது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு. பண்ணைச் செம்மானுக்கு இருப்பது ஐம்பது சொச்சம் ஆண்டுப் பழக்கம். அது மிரண்டால் ஓடும், ஓட வழியில்லையென்றால் சுவரில் மோதும், துரத்தப்பட்டு ஓடி ஓடித் தசை சிதைந்து இரண்டு நாள் கழித்துச் செத்தும் போகும். வேலியையும் பட்டியையும் அமைக்கும்போது இதை மறக்கக் கூடாது.

வேலியின் உயரம் 1.9 மீட்டருக்குக் குறையக் கூடாது. பதின்மூன்று கிடைக் கம்பிகள் கொண்ட, இழுவிசை மிகுந்த வலையே இங்கே வழக்கம். 2.7 மீட்டர் கம்பத்தை 75 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறக்கி, சமதரையில் ஐந்து மீட்டருக்கு ஒன்றாக நடலாம். மேடு பள்ளத்தில் இன்னும் நெருக்கமாக நட வேண்டும். வலையைக் கம்பத்தின் உட்புறத்தில், அதாவது மான் நிற்கும் பக்கத்தில் அடியுங்கள். வெளிப்புறம் அடித்தால் மான் மோதும்போது ஆணி பிடுங்கிக்கொள்ளும். உயரத்தைப் பார்ப்பவர்கள் அடியைக் கவனிக்க மறக்கிறார்கள். பள்ளத்தில் வலைக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்தால் குட்டி நுழைந்து வெளியேறிவிடும், திரும்பி வரத் தெரியாது. குட்டி போடும் கட்டங்களில் (வேலியால் பிரித்த மேய்ச்சல் பகுதிகளில்) மட்டுமாவது, குத்துக் கம்பிகள் 30 சென்டிமீட்டருக்குப் பதிலாக 15 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள வலையைப் போடுங்கள். முள்கம்பி வேண்டவே வேண்டாம். கதவு வேலியளவு உயரமாக, கட்டத்தின் மூலையில் இருக்கட்டும். விரட்டினால் மான் வேலியை ஒட்டியே ஓடி மூலைக்குத்தான் வரும். வேலியின் நடுவில் கதவு வைத்தவர் அரை நாள் அலைவார். பெருங்காற்று அடித்த மறுநாள் வேலியைச் சுற்றி வந்து பாருங்கள். விழுந்த ஒரு கிளை போதும், மந்தை வெளியேற.

அடுத்தது பட்டி. காசநோய்ப் பரிசோதனைக்குக் கழுத்தில் ரோமம் மழித்து ஊசி போட்டு, 72 மணி நேரம் கழித்து வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பரிசோதனைக்கே மூன்று நாளில் இரண்டு முறை மந்தையை அடைக்க வேண்டும் என்றால் பட்டியில்லாமல் எப்படி? சுவர் 2.1 மீட்டருக்கு மேல், இடுக்கோ வெளிச்சக் கீற்றோ இல்லாமல் பலகையால் அடைத்திருக்க வேண்டும். துருத்தும் ஆணி, தாழ்ப்பாள் முனை, தரை வழுக்கல் எதுவும் கூடாது. உள்ளே மங்கலான வெளிச்சம் இருந்தால் மான்கள் அடங்கி நிற்கும். கூரை போட்ட சிறு அறைகள் நான்கைந்து வேண்டும். ஓர் அறையில் எட்டுப் பத்துப் பெண் மான்களுக்கு மேல் அடைக்காதீர்கள். வளர்ந்த மானுக்கு ஊசி போட, இரு பக்கமும் மெத்தைப் பலகையால் அழுத்திப் பிடிக்கும் கூண்டு வேண்டும். மேய்ச்சலிலிருந்து பட்டிக்கு வரும் ஓட்டுப்பாதை கடைசியில் வளைந்து செல்லட்டும். கட்டடம் தூரத்திலிருந்தே கண்ணில் பட்டால் மந்தை திரும்பிவிடும். வேலை ஏதுமில்லாத நாளிலும் மாதம் ஒருமுறை மந்தையைப் பாதை வழியே நடத்திப் பட்டிக்குள் விட்டு, கொஞ்சம் தீனி வைத்து, வெளியே அனுப்புங்கள். பட்டி என்றாலே ஊசி என்று மான் நினைக்காமலிருக்க இதைவிட நல்ல வழி இல்லை. நாயைப் பட்டிப் பக்கம் விடாதீர்கள்.

வேலியும் பட்டியும் முடிந்த பிறகே மான். எத்தனை வாங்கலாம்? குட்டியோடு இருக்கும் ஒரு தாய்ச் செம்மறிக்கு ஓராண்டுக்கு வேண்டிய தீனியை இங்கே ஒரு யூனிட் என்பார்கள். ஒரு பெண் செம்மானுக்கு ஏறக்குறைய 1.9 யூனிட். ஹெக்டேருக்குப் பத்து யூனிட் தாங்கும் நிலம் நான்கு ஹெக்டேர், அதாவது பத்து ஏக்கர், இருந்தால் கணக்குக்கு இருபத்தொரு பெண் மான்கள் வருகின்றன. நாங்கள் பதினைந்துக்கு மேல் பரிந்துரைப்பதில்லை. வறண்ட ஜனவரியும் பனி கொட்டும் ஜூலையும் கணக்கில் தெரியாது. ஒன்றிரண்டு மான்களைத் தனியே வைப்பதும் தவறு. கூட்டமில்லாத மான் ஓயாமல் வேலியோரம் நடந்து நடந்து இளைக்கும்.

ஜூன், ஜூலையில் சினை ஸ்கேன் செய்த இளம் பெண் மான்களை ஒரே பண்ணையிலிருந்து வாங்குங்கள். பல இடத்தில் பொறுக்கினால் பல இடத்து நோயும் வரும். விற்பவரின் காசநோய்த் தகுதி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். நோயற்ற மந்தைகளுக்குத் தரும் தகுதிகளில் C10 என்பதே உயர்ந்தது. ஜோன்ஸ் நோய் வந்த மந்தையா என்பதையும் கேளுங்கள். அந்தக் கழிச்சல் நோய்க்கு மருந்து கிடையாது, மேய்ச்சல் நிலத்திலும் நெடுநாள் தங்கும். ஒவ்வொரு மானின் காதிலும் நெயிட் (NAIT) என்ற தேசியக் கால்நடை அடையாளத் திட்டத்தின் மின்னணு வில்லை இருக்க வேண்டும். மான் கைமாறியதை 48 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். மான்களுக்கு இது 2013 முதல் கட்டாயம். செம்மான் தவிர வேறு இனத்தில் ஆசை இருந்தால், உங்கள் வட்டாரத்தில் அதற்கு அனுமதி உண்டா என்று இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் கடமான் கூட 1875-இல் இலங்கையிலிருந்து வந்து, வடக்குத் தீவின் மானவாட்டு (Manawatū) வட்டாரக் காட்டில் வாழ்கிறது. அது பார்க்க நமக்குப் பழகியதுதான், புதியவர் பண்ணைக்கு ஏற்றதில்லை.

ஆண் மான் முதல் ஆண்டில் தேவையே இல்லை. சினையோடு வந்த மான்கள் ஈன்று முடிக்க டிசம்பர் ஆகும். அதற்குள் அடுத்த மார்ச்சுக்கு ஒரு பொலி ஆணை வாடகைக்கோ விலைக்கோ பேசிக்கொள்ளலாம்.

இனப்பெருக்கத்தில் பொழுதின் நீளமே ஆட்சி செய்கிறது. பகல் குறுகத் தொடங்கியதும் ஆண் மானின் கழுத்து பருத்து, உறுமல் தொடங்கும். பெண் மான் மார்ச் பிற்பகுதியில் பருவத்துக்கு வரும். சினை பிடிக்காவிட்டால் 18 நாளில் மறுபடி வரும். சினைக்காலம் 233 நாள். மார்ச் 25-இல் சினையானால் நவம்பர் 13 வாக்கில் குட்டி. ஒரு பருவம் தவறினால் டிசம்பர் 1. இரண்டு தவறினால் டிசம்பர் 19. அந்தக் கடைசிக் குட்டிக்குத் தாய்ப்பால் வேண்டிய நேரத்தில் புல் காய்ந்துவிடுகிறது, குளிர் வரும்போதும் அது மெலிந்தே இருக்கிறது. எனவே மார்ச் முதல் தேதிக்குள் ஆணைச் சேருங்கள். அதன் வாசமும் உறுமலும் பெண் மான்களைச் சற்று முன்னதாகவே பருவத்துக்குக் கொண்டுவரும். ஏப்ரல் கடைசியில் வெளியே எடுத்துவிடுங்கள். வளர்ந்த ஆண் ஒன்று நாற்பது பெண் மான்களைத் தாங்கும், ஒன்றரை வயது ஆணுக்குப் பத்து போதும். முதல்முறை சேரும் பதினாறு மாதப் பெண் மான், வளர்ந்த தாயின் எடையில் 70 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும். தாய் 115 கிலோ என்றால் இது 80 கிலோ. அதற்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பருவத்துக்கே வராது. பருத்த வாபிட்டி இனத்து ஆணைச் சிறிய செம்மானோடு சேர்த்தால் குட்டி வேகமாக வளரும் என்பது உண்மைதான். ஈனும்போது குட்டி சிக்கித் தாயும் சேர்ந்து போவதும் உண்மை. முதல் ஈற்று மானுக்கு அந்தச் சோதனை வேண்டாம்.

இரண்டு பொலி ஆண்களை அடுத்தடுத்த கட்டங்களில் விடாதீர்கள், வேலி வழியே முட்டி இரண்டும் கெடும். நடுவில் ஒரு காலிக் கட்டம் இருக்கட்டும். இந்தப் பருவத்தில் ஆண் மான் இருக்கும் கட்டத்துக்குள் யாரும் நடந்து போகக் கூடாது, வண்டியிலேயே போங்கள். எல்லாவற்றிலும் ஆபத்தானது, புட்டிப்பால் ஊட்டி வளர்த்த ஆண்தான். மனிதரிடம் அதற்குப் பயம் இல்லை, உங்களையும் எதிரி ஆணாகவே பார்க்கும். தாயை இழந்த ஆண் குட்டியைப் பிள்ளைகள் பால் கொடுத்து வளர்க்கக் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள்.

குட்டி போடும் நேரத்தில் செய்ய வேண்டிய வேலை, அந்தப் பக்கம் போகாமலிருப்பதுதான். ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, உயர்ந்த புல்லும் புதரும் நிழலும் உள்ள கட்டத்தில் விட்டுவிடுங்கள். பிறந்த குட்டி முதல் இரண்டு வாரம் புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும். தாய் தொலைவில் மேய்ந்து, பால் கொடுக்க மட்டும் வரும். அதை அனாதை என்று எண்ணித் தூக்கி வந்துவிட்டால் தாயிடமிருந்து உண்மையிலேயே பிரித்தவர்கள் ஆவீர்கள். மறைவில்லாத மொட்டைக் கட்டத்தில் தாய் மான்கள் வேலியோரமாக அலையும். குட்டி பின்னால் ஓடி, வலைக்குள்ளோ ஓடையிலோ சிக்கும். தூரத்திலிருந்து பைனாகுலரில் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் முக்கியும் குட்டி வரவில்லை என்றால் மட்டும் மருத்துவரை அழைத்துப் பட்டிக்குக் கொண்டுவரலாம். கடைசி மாதங்களில் அளவுக்கு மீறிக் கொழுத்த தாய்தான் ஈனத் திணறும். மெலியவும் விடாதீர்கள், கொழுக்கவும் விடாதீர்கள்.

ஈன்ற பிறகு கணக்கு மாறிவிடுகிறது. பால் சுரக்கும் தாய்க்கு ஆண்டிலேயே அதிகத் தீனி வேண்டியது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. கிழக்குக் கரைச் சமவெளிகளில் புல் காய்வதும் அப்போதுதான். குதிரைமசால், சிவப்பு க்ளோவர், சிக்கரி இவற்றில் ஒன்றைச் சிறு கட்டத்திலாவது விதைத்து வைத்திருப்பவர் பிழைத்துக்கொள்வார். இக்காலத்தில் நன்றாகத் தின்ற தாயின் குட்டி நாளுக்கு 400 கிராம் அளவு ஏறி, மார்ச் தொடக்கத்தில் 50 கிலோவைத் தொடும்.

குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பதுதான் ஆண்டின் மிக ஆபத்தான வாரம். புதியவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். பிரிவு, புது இடம், புதுத் தீனி, ஈரமான குளிர் எல்லாம் ஒன்று சேர்ந்தால், பல மான்களின் குடலில் சும்மா கிடக்கும் யெர்சினியா கிருமி விழித்துக்கொள்ளும். பின்னங்கால் மூட்டு நனைந்த பச்சைக் கழிச்சல், பிறகு இரத்தம், ஓரிரு நாளில் சாவு. பல நேரம் முதல் அறிகுறியே செத்துக் கிடக்கும் குட்டிதான். இதற்குத் தடுப்பூசி உண்டு. மூன்று மாத வயதில் முதல் ஊசி, மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் இரண்டாவது. ஒன்றைப் போட்டு மற்றதை விட்டால் பயன் இல்லை. பிரிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே, தாயோடு இருக்கும்போதே, தானியமும் ஊறுகாய்ப் புல்லும் (சைலேஜ்) வைத்துக் குட்டிகளுக்குப் பழக்குங்கள். பிரிக்கும்போது குட்டிகளைத் தெரிந்த கட்டத்திலேயே வைத்துக்கொண்டு தாய்களை வெளியேற்றுங்கள். ஒருவரையொருவர் கத்துவது கேட்காத தூரத்துக்கு அனுப்புங்கள். அமைதியான வயதான பெண் மான் ஒன்றிரண்டைக் குட்டிகளோடு விட்டால் மந்தை அலையாது. பெரியதையும் சிறியதையும் கலக்காதீர்கள். மழை கொட்டும் நாளில் பிரிக்காதீர்கள், நாள் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

அதே மாதங்களில் நுரையீரல் புழுவும் வரும். மாட்டுக் கன்று இதற்கு இருமும்; மான் குட்டி அவ்வளவாக இருமாது. ரோமம் சிலிர்த்து, எடை நின்று, விரட்டினால் வாய் திறந்து மூச்சு வாங்கும். அதற்குள் காலம் கடந்திருக்கும். பிப்ரவரி முதல் மே வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை புழு மருந்து தேவைப்படும். மானின் உடல் மருந்தை விரைவாக வெளியேற்றிவிடுவதால் மாட்டு அளவு போதாது. முதுகில் ஊற்றும் ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் நம்பிய பண்ணைகளில் புழு அதை எதிர்க்கப் பழகிவிட்டது. மானுக்கென்றே பதிவான கூட்டு மருந்தை, எடை பார்த்து, கூட்டத்தில் கனத்த குட்டிக்குரிய அளவில் வாய்வழியே கொடுங்கள். பத்து நாள் கழித்துச் சாணச் சோதனையில் அது வேலை செய்ததா என்று உறுதி செய்யுங்கள்.

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். செம்மறிகளோடு, அதிலும் ஆடு குட்டி போடும் காலத்தில், மானை ஒட்ட விடாதீர்கள். ஆட்டுக்குத் தீங்கு செய்யாத ஒரு வைரஸ் மானில் மாலிக்னன்ட் கட்டாரல் காய்ச்சலாகி, கண் மங்கி, இரத்தக் கழிச்சலோடு கொல்லும், சிகிச்சை இல்லை. மண்ணில் மாலிப்டினமோ இரும்போ மிகுந்தால் தாமிரச் சத்து குறைந்து இடுப்பு தள்ளாடும், மூட்டு வீங்கும். இரத்தமோ கல்லீரலோ சோதித்த பிறகே தாமிரக் குளிகை கொடுங்கள், மிகுந்தால் அதுவே நஞ்சு.

ஆண் மான்களைப் பற்றிக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம், அவை கடைசியாக வர வேண்டும் என்பதே. உறுமல் பருவத்தில் ஆண் ஏறக்குறைய தின்பதையே விட்டுவிட்டு உடல் எடையில் கால் பங்கு இழக்கும். கொழுப்பில்லாத அந்த உடம்போடு ஜூலைக் குளிரை எதிர்கொள்ளும். மே மாதத்திலேயே நல்ல தீனி தொடங்காவிட்டால் ஆகஸ்டில் தெற்கிலிருந்து ஒரு புயல் வரும் இரவில் படுத்தது எழாது. தானியத்தைத் தலைக்கு 100, 200 கிராமில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். திடீரென்று கொட்டினால் வயிறு புளித்துச் செத்துப்போகும்.

வெல்வெட் கொம்பு என்பது இன்னும் எலும்பாக இறுகாத, இரத்தம் ஓடும், வலி உணரும் உயிருள்ள கொம்பு. பழைய கொம்பு விழுந்து 55 முதல் 65 நாளில் அறுப்பார்கள். கால்நடை மருத்துவரோ, தேசிய வெல்வெட் தர அமைப்பின் பயிற்சியும் சான்றும் பெற்று மருத்துவரின் மேற்பார்வையில் இருப்பவரோதான் அறுக்கலாம். கொம்பின் அடியைச் சுற்றி லிக்னோகெய்ன் என்ற மரப்பு ஊசி போட்டு, குறைந்தது நான்கு நிமிடம் பொறுத்து, மரத்துவிட்டதா என்று சோதித்த பிறகே ரம்பம் பட வேண்டும். பிரிட்டனில் வெல்வெட் அறுப்பதே 1980 முதல் தடை. சந்தை பெரும்பாலும் சீனாவையும் கொரியாவையும் நம்பியிருப்பதால் விலை ஏறி இறங்கும். பத்து ஏக்கர்காரருக்கு இந்த வருமானத்தை நம்பிக் கடன் வாங்குவது சரியில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. வெல்வெட் அறுக்காத ஆணாக இருந்தாலும், உறுமல் பருவத்துக்கு முன் இறுகிய கொம்பை அறுத்துவிடுங்கள். அது முற்றிய பிறகு உணர்ச்சியற்றது. அறுக்காவிட்டால் மற்ற மான்களையும் உங்களையும் குத்தும்.

பண்ணையிலேயே அறுத்த மான் இறைச்சியைக் குடும்பம் உண்ணலாம். அண்டை வீட்டாருக்கோ கோயில் விழாவுக்கோ கடைக்கோ ஒரு கிலோகூட விற்க முடியாது. விற்பனைக்குரியது உரிமம் பெற்ற அறுப்புக்கூடம் வழியாகவே போக வேண்டும். ஓடையை வேலியிட்டுப் பிரிக்க 2020 முதல் நாடு தழுவிய விதிகள் உள்ளன. உங்கள் நிலத்துக்கு எது பொருந்தும் என்று வட்டாரக் கவுன்சிலில் கேளுங்கள். மான் சேற்றில் புரள்வது அதன் இயல்பு, எனவே ஓடைக்குச் சேராத மேட்டில் ஒரு சேற்றுக்குழியை நீங்களே அமைத்துக் கொடுங்கள்.

இக்கடிதத்தை ஜனவரி கடைசிக்குள் வெளியிட்டால் நன்றியுடையவர்களாக இருப்போம். யெர்சினியா ஊசியின் முதல் தவணைக்கும் புழு மருந்துக்கும் வாசகர்கள் தங்கள் மருத்துவரிடம் பிப்ரவரியிலேயே சொல்லி வைக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
மான் பண்ணைப் பணியிலும் கால்நடை மருத்துவத்திலும் உள்ள வாசகர்கள்,
தெற்குத் தீவு, நியூசிலாந்து